சகலைகள் ஏறிய கலங்கரை விளக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உயரம் என்றால் ஆகவே ஆகாது. கடையில் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டி எடுக்க வேண்டுமானால்கூட மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். ஆனால் அது வீட்டோடு இருக்கும் ரகசியம். சகலைக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. சகலை பல் டாக்டர். மலையேறினேன், ஆற்றில் குதித்தேன் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் அளந்து விடுகிற ஆள்.

அக்காவும் தங்கையும் கலங்கரை விளக்கம் பார்க்கப் போகலாம் என்று கிளம்பியபோது கண்ணாடிக்காரரின் வாய் சும்மா இருக்கவில்லை. "மேல விளக்கைச் சுத்தி இருக்கிற லென்ஸைப் பாக்காம, இத்தனை வருஷம் லென்ஸ் வித்து என்ன பிரயோஜனம்?" என்று சொல்லித் தொலைத்தார்.

பெண்கள் இருவரும் கதை பேசிக்கொண்டே மளமளவென்று மேலே போய்விட்டார்கள். பின்னால் பல் டாக்டர், அவருக்கும் பின்னால் கண்ணாடிக்காரர். இரும்புப் படிகள் முழுக்க ஓட்டை. குனிந்தால் அடித்தளம்வரை தெரிந்தது. அவர் குனியவில்லை. டாக்டரின் சட்டை முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் அந்தச் சட்டை நின்றது. பிறகு மெல்லக் கீழிறங்கிப் படியில் உட்கார்ந்தது.

"என்ன சகல, மூச்சு வாங்குதா?"

"கால் வரமாட்டேங்குது." டாக்டர் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார்.

"அப்போ அந்த மலை?"

"பஸ்ல போனோம்."

"ஆத்துல குதிச்சீங்களே?"

"முழங்கால் தண்ணி சகல. இப்போ அதெல்லாம் கேக்கணுமா?"

இந்த நாளுக்காகத்தான் கண்ணாடிக்காரர் கல்யாணம் ஆனதிலிருந்து காத்திருந்தார். ஆனால் நேரில் வந்தபோது சந்தோஷம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவரும் படியில் உட்கார்ந்தார்.

"நான் ஸ்டூல்லயே ஏற மாட்டேன்" என்றார்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். தடித்த கண்ணாடிக்குள் அவர் கண்கள் சின்னதாகத் தெரிந்தன. அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குப் பொறி தட்டியது. அந்த லென்ஸைச் செய்து கொடுத்தவரே அவர்தான்.

"சகல, கண்ணாடியைக் கழட்டுங்க. இப்போ கீழ பாருங்க. என்ன தெரியுது?"

டாக்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றையும் திறந்தார். "ஒண்ணும் தெரியல. எல்லாம் கஞ்சி மாதிரி இருக்கு."

"அப்புறம் எதுக்குப் பயம்? எழுந்திருங்க."

டாக்டர் எழுந்தார். "சரி, உங்களுக்கு?"

கண்ணாடிக்காரர் அந்தத் தடித்த கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். தலை லேசாகச் சுற்றியது. ஆனால் பள்ளம் காணாமல் போயிருந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, படியைக் காலாலேயே தடவித் தடவி இருவரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"கடலைப் பாத்தீங்களா அத்தான்?" என்றாள் மைத்துனி.

"பிரமாதம்" என்றார் கண்ணாடிக்காரர், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று.

அவர் மனைவி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் வெறும் மூக்கைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

விளக்கு அறைக்குள் நுழைந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆளுயரத்துக்கு, வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடிப் பாளங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வானவில். எவனோ கையாலேயே தேய்த்துச் செய்திருக்கிறான். கடலை மறந்து, உயரத்தை மறந்து, அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளம்பலாம் என்று மனைவி இருமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

வந்தபடியே தடவித் தடவி இறங்கி, கீழே இருந்த அருங்காட்சியகத்துக்குள் போனார்கள். நங்கூரங்கள், திசைகாட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் கப்பல் வைத்தியரின் பழைய பல் குறடு இருந்தது. தன் கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்ட டாக்டருக்கு உயிர் வந்துவிட்டது.

"இதை வச்சுக் கடைவாய்ப் பல்லைப் புடுங்கினா தாடையே கூட வந்திரும்" என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார்.

காவலுக்கு நின்ற அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பல் டாக்டரா நீங்க? ஒரு வாரமா உயிர் போகுது. இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நங்கூரத்தின் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.