விடுபட்ட ஒரு 'ற்'

1
இந்தக் கதை பிறந்ததற்கு நான்தான் காரணம், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆங்கில–தமிழ் அகராதிக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுதுவது என் வேலை. அன்று 'எக்ஸ்பெல்' வந்தது. பொருள்: வலுக்கட்டாயமாக வெளியேற்று. "தலைமையாசிரியர் அவனைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்" என்று எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

(முதலில் "மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பகலில்..." என்றுதான் தொடங்கினேன். மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2
திரும்பி வந்தால், வாக்கியத்தின் குறுக்கே சிவப்புக்கோடு. போட்டவர் எங்கள் மெய்ப்புத் திருத்துநர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கால்புள்ளி'.

"என்ன சார் தப்பு?"

"தப்பே இல்ல, அதான் கஷ்டம்." குரலைத் தாழ்த்தினார். "பத்தாவதுல என்னை வெளியேத்திட்டாங்க. நோட்டீஸ் போர்டுல ஹெட்மாஸ்டர் 'ஒளுக்கம்'னு எழுதியிருந்தார். திருத்திட்டேன்."

"அதுக்கா?"

"வீட்டுல, நானாத்தான் வெளியேறினேன்னு சொல்லி வச்சிருக்கேன். 'வெளியேற்றினாங்க'ல இருந்த ஒரு 'ற்' முப்பது வருஷமா விட்டுப்போச்சு. இந்தப் பக்கம் நேரா அவ மேசைக்குல்ல போகும்!"

அவர் மனைவிதான் எங்கள் பக்க வடிவமைப்பாளர்.

3
இந்த இடத்தில் அந்த அம்மாவைக் கடுகடுப்பானவராகப் படைக்க ஆசைப்பட்டேன். 'அவர் கண்கள் சிவக்க, தாளைக் கசக்கி...' வேண்டாம், பொய். அவர் பக்கத்தை வாங்கிப்போக வந்தார். அடித்த வரியைப் படித்தார்.

"இதை ஏன் அடிச்சீங்க? உங்க கதைதானே?"

கால்புள்ளி கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த ஹெட்மாஸ்டர் எங்கப்பாவுக்குச் சிநேகிதர். நமக்கு நிச்சயம் பண்றதுக்கு முன்னாடியே வந்து, 'அவசரப்பட்டு அனுப்பிட்டேன், தங்கமான பையன்'னு கண்கலங்கினார். அதைக் கேட்டுத்தான் நான் சரின்னேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லக் காணோம்."

கால்புள்ளி விட்ட மூச்சில் மேசைத் தாள்கள் நகர்ந்தன.*

* உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெல்'தான். அகராதிக்காரனான எனக்கு அப்போதுதான் உறைத்தது.

4
ஆக, இரண்டு வாக்கியங்கள்:
தலைமையாசிரியர் அவனைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்.
அவர் அடக்கி வைத்திருந்த மூச்சை வெளியேற்றினார்.

பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். முதலாவதை வைத்தால் இனி கால்புள்ளி வருந்தமாட்டார் என்று எழுதினேன், நிச்சயமில்லை, அடித்தேன். இரண்டாவதை வைத்தால் ஹெட்மாஸ்டர் தப்பித்துவிடுவாரோ... இதையும் முடிக்கவில்லை.

கேட்கலாமென்றால் இருவரும் சாப்பிடப் போய்விட்டார்கள். படிக்கட்டில் அவர்கள் சிரிப்பு கேட்கிறது. கூப்பிட மனம் வரவில்லை. நீங்களே ஒன்றை எழுதிவிடுங்கள்.