கரடியின் கைதட்டல்

தீயணைப்பு வேலைக்கான ஓட்டத் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சோம்பேறியான என்னை ஓட வைத்ததே, என் கணவர் போனில் ஏற்றிக் கொடுத்த ஒரு விளையாட்டுதான். போனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினால் காதில் கலகலவென்று காசு விழும். வேகம் குறைந்தால் முதுகுக்குப் பின்னால் ஓநாய் உறுமும். முழுத் தூரத்தையும் முடித்தால் மேளம் முழங்க, திரையில் ஒரு கரடி எனக்குக் கிரீடம் சூட்டிக் கைதட்டும். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், நிறுத்தியிருக்கும் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். தினமும் கிரீடம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று அடித்தளத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். அங்கே ஓடுபாதையில் தூரத்தைக் குறித்துக் கோடு போட்டிருக்கும். கரடி கைதட்டியபோது தேர்வுத் தூரத்தின் கோடு இன்னும் எங்கேயோ இருந்தது. மறுபடி ஓடினேன். அப்போதும் அதே கதைதான்.

விளையாட்டுக்குள்ளே நோண்டிப் பார்த்தேன். அது காலடிகளை எண்ணி, ஆளின் உயரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறதாம். அதில் இருந்தது என் நெட்டைக் கணவரின் உயரம்.

கைதவறிப் போட்டிருப்பார் என்று நம்ப ஆசைதான். ஆனால் மனுஷர் தையற்காரர். ஊருக்கெல்லாம் நாடா பிடித்து அளப்பவர், எனக்கு மட்டும் அளக்காமலே துணி வெட்டுவார். அவருக்கா என் உயரம் தெரியாது? "கால் வலிக்கும், இன்னைக்கு ரெஸ்ட் எடு" என்று அவர் கொஞ்சியதெல்லாம் இப்போது வேறு மாதிரி கேட்டது. வேலை கிடைத்தால் எனக்கு வெளியூர்தான்.

போனோடு நேரே அவர் கடைக்குப் போனேன்.

"இதுல யாரோட உயரம் போட்டீங்க?"

"உன்னோடதுதான்." தலை நிமிரவில்லை. தையல் மிஷின் மட்டும் நின்றது.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "ஃபெயிலானா ஒரு நாள் அழுவ, நான் சமாதானப்படுத்திடுவேன். பாஸாகி நீ போயிட்டா என்னை யாரு சமாதானப்படுத்துவா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது. அவர் கண்ணெதிரே போனில் என் உயரத்தைப் போட்டேன்.

"இப்ப எங்க கிளம்பிட்ட?"

"ஓடுறதுக்கு. நீங்க அழுது பழகிக்கோங்க."