கிரீடம் வேண்டாம் என்றவள்

"தலையை நல்லாத் தூக்கிப் பிடிடி. கழுத்து நிக்க மாட்டேங்குது" என்றாள் திரீனா.

கெசினா செத்துக் கிடந்த பெரியம்மா மெட்டாவின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். திரீனா தன் அக்காவின் நரைத்த முடிக்கு நடுவகிடு எடுத்து, மணப்பெண்ணுக்குப் பின்னுவது போல இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை மெட்டா தன் தலையில் யாரையும் கை வைக்க விட்டதில்லை. இப்போது சீப்பு இழுத்த பக்கமெல்லாம் தலையும் கூடவே போனது.

மேசை மேல் கிரீடம் இருந்தது. கம்பியில் பட்டுப்பூவும் ஜிகினாவும் கண்ணாடி மணிகளும் கோத்த கிரீடம். தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளையின் மனைவி ஆல்கே காலையிலேயே கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டாள். இந்த மாதிரி வேடிக்கையை விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல அவள்.

"கடைசியில உங்க அக்காவும் மணப்பொண்ணு ஆயிட்டா, பாத்தியா திரீனா."

"ஆக்காம விடுவனா? ஒன் அக்கா ஏன் கல்யாணம் கட்டிக்கல, உடம்புல கோளாறான்னு என் மாமியார் சாகறவரைக்கும் கேட்டா. இன்னிக்குத்தான் எனக்கு விடிஞ்சிருக்கு." திரீனா சடையை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அம்மா, பெரியம்மா கிரீடம் வேண்டாம்னு சொன்னாங்க" என்றாள் கெசினா.

"அவ எதைத்தான் வேணும்னு சொன்னா?"

எல்பே ஆற்றின் அணைக்கரையில் எங்கள் பக்கத்து வழக்கம் இது. கல்யாணம் ஆகாமல் செத்தவளை மணப்பெண்ணாக அலங்கரித்து, கிரீடம் வைத்துத்தான் புதைப்பார்கள். கெட்டுப்போனவளுக்கு மட்டும் கிரீடம் கிடையாது. பெட்டியை மூடுவதற்கு முன் போதகர், "இவளுக்குக் கிரீடம் உண்டா?" என்று ஊர் கேட்கக் கேட்பார். செத்தவளின் ஞானமகள் "உண்டு" என்று சொல்லித் தன் கையால் எடுத்து வைக்க வேண்டும். ஞானஸ்நானத்தில் மெட்டா கையில் ஏந்திய ஞானமகள் கெசினாதான்.

மெட்டா நேற்று விடிகாலையில்தான் போனாள். அதற்கு முந்தின பகல் முழுவதும் கெசினா பக்கத்தில் இருந்தாள். மூச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலும் பெரியம்மாவின் நாக்கு மட்டும் பழையபடியே இருந்தது.

"செத்ததும் எனக்குக் கல்யாணம் பண்ணிவைக்கப் பாப்பா உங்கம்மா. விட்றாதடி. உசுரோட இருக்கறப்ப வேண்டாம்னேன். செத்தவளுக்குப் பேச வாய் இல்லன்னுதான இந்தத் திருட்டுக் கல்யாணம்."

"கிரீடம் இல்லேன்னா ஊர் ஒரு மாதிரி பேசுமே பெரியம்மா."

"பேசட்டும். நான் எந்திரிச்சு வந்து கேக்கப் போறனா? யாருக்கும் பொண்டாட்டியா நான் குழிக்குள்ள போக மாட்டேன். சத்தியம் பண்ணு."

கெசினா சத்தியம் செய்தாள். பயந்துகொண்டேதான் செய்தாள். ஆனால் பெரியம்மாவுக்காக எதையும் செய்திருப்பாள். அம்மாவின் கூச்சலும் அப்பாவின் குடியும் இல்லாமல் அவள் மூச்சுவிட்ட இடம் பெரியம்மாவின் இந்த ஒற்றை அறை வீடுதான். தேன்கூடுகளும் ஆப்பிள் மரங்களும் மெட்டாவுக்குச் சோறு போட்டன. வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. வருகிறவர்கள் நிற்க வேண்டும். அதனால் சீக்கிரம் போய்விடுவார்கள். கெசினா மட்டும் தரையில் உட்காருவாள்.

அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாகக் கால் வைத்தவர் ஒருவர்தான், ஹின்ரிச். இளவயதில் நிச்சயம் வரைக்கும் வந்தது. நிச்சயம் பேசி முதல் நாள் வீட்டுக்கு வந்தபோதே, யாரையும் கேட்காமல், மெட்டாவின் சால்வை தொங்கிய ஆணியில் தன் தொப்பியை மாட்டினார். மெட்டா தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, குறடு கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கிப் போட்டாள். அன்றோடு கல்யாணம் நின்றது. அன்று முதல் ஊருக்கு அவர் 'ஆணி' ஹின்ரிச். வேறு ஒருத்தியைக் கட்டி, அவளையும் புதைத்து, பேரன் எடுத்த பிறகும் சாராயக்கடையில் அவர் நுழைந்தால் யாராவது ஒருவன் சுவரைத் தடவிப் பார்ப்பான்.

பத்து மணிக்கெல்லாம் அறை நிறைந்து, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். மெட்டா பார்த்திருந்தால் தேனீக்களை அவிழ்த்துவிட்டிருப்பாள். ஹின்ரிச்சும் வந்தார். வாசலில் நின்ற ஆட்களில் எவனோ, "அண்ணே, உள்ள மாட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, பாத்துப் போங்க" என்றான். சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். அவர் காது சிவக்க உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

"வாங்க ஹின்ரிச் அண்ணே. நல்லா வழியனுப்புங்க அவளை" என்றாள் திரீனா.

போதகர் ஜெபம் முடித்தார். பிறகு பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து வழக்கமான குரலில் கேட்டார்:

"இவளுக்குக் கிரீடம் உண்டா?"

ஆல்கே கிரீடத்தை எடுத்துக் கெசினாவிடம் நீட்டினாள். கெசினா அதை வாங்கவில்லை.

"இல்ல" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றியாம்மா?" என்றார் போதகர்.

"பெரியம்மா சொன்னாங்கய்யா. எனக்குக் கிரீடம் கிடையாது, வைக்கக் கூடாதுன்னு அவங்களே சொன்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

சொல்லி முடித்ததும் கெசினாவுக்கு உடம்பு லேசானது. பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த சந்தோஷம் ஆல்கே வாயைத் திறக்கும் வரைதான்.

"அவளே சொன்னாளா! ஆண்டவரே. எம்புட்டு நாள் மனசுல வச்சுக் குமைஞ்சாளோ. சாகறப்பவாவது ஒத்துக்கிட்டாளே, புண்ணியவதி."

"ஐயோ, அது இல்ல—" என்று கெசினா தொடங்கினாள். ஆனால் அறை அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஒவ்வொரு தலையாகச் சுவரோரம் திரும்பியது. மெட்டாவின் வீட்டுக்குள் மாப்பிள்ளையாகக் கால் வைத்தவர் ஒருவர்தானே.

ஹின்ரிச்சுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்தது. கெசினா அவரையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். இல்லை, அந்தப் பொம்பளை என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை என்று அவர் சொன்னால் போதும். அவர் சொல்வார் என்றுதான் கெசினா நம்பினாள். வயதானவர், கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்.

"ஹின்ரிச், நீ ஏதாவது சொல்றியாப்பா?" என்றார் போதகர்.

அவர் பெட்டியைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். சற்று முன் கேலி செய்தவன் இப்போது வாயைப் பிளந்து, ஒரு மரியாதையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹின்ரிச்சின் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"செத்துப் போனவளைப் பத்தி நான் என்னய்யா சொல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "விட்டுடுங்க. பாவம்."

"பொய்!" என்று கத்தினாள் கெசினா. "பொய் சொல்றாரு! உக்கார ஒரு நாற்காலிகூட இவருக்கு இந்த வீட்டுல கிடையாது!"

"அதுக்கு நாற்காலி எதுக்குடி?" என்றது வாசலில் ஒரு குரல். சாவு வீடு என்றும் பார்க்காமல் சிரித்தார்கள். இந்தத் தடவை அவர்கள் சிரித்தது ஹின்ரிச்சைப் பார்த்து அல்ல.

திரீனா மகளின் கன்னத்தில் அறைந்தாள். பிறகு குனிந்து, தான் பின்னிய இரட்டைச் சடையை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவமானம்தான். ஆனால் சடையைப் பிரித்து முடிப்பதற்குள் அவள் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். யாரோடு என்று தெரியாமல் கெட்டவள் என்பதைவிட, ஊர் அறிந்த ஒருவரோடு, நிச்சயம் பேசினவரோடு கெட்டவள் என்பது தேவலை. ஹின்ரிச்சுக்குத் தோட்டம் உண்டு, பெயர் உண்டு.

ஆல்கே கிரீடத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் கெசினா ஒவ்வொருவரிடமாகச் சொல்லிப் பார்த்தாள். பெரியம்மாவுக்குக் கல்யாணம் பிடிக்காது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை என்றாள். பெண்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நல்ல பிள்ளை, விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்றார்கள். கல்யாணம் பிடிக்காமல் ஒருத்தி இருப்பாள் என்பதைவிட, ஒளித்துவைத்த ஒரு கதை அவர்களுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்தது. முப்பது வருடமாகப் புரியாத மெட்டா இன்று அவர்களுக்குப் புரிந்துவிட்டாள். சிலர் அவளுக்காக அழவும் செய்தார்கள்.

குழிக்குள் பெட்டி இறங்கியது. முதல் மண் நெருங்கிய சொந்தம் போட வேண்டியது. போதகர் மண்வெட்டியைத் திரீனாவிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். ஆனால் போடவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தான்" என்றாள் ஹின்ரிச்சைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க மொதல்ல போடுங்க அத்தான்."

ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஹின்ரிச் முன்னால் வந்து, மண்வெட்டியை வாங்கி, மெதுவாக மண்ணைத் தள்ளினார். ஈர மண் பலகையில் சத்தமாக விழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே நீர் வந்திருந்தது.

பிறகு ஊர்க்காரர்கள் துக்கம் கேட்க வரிசையாக வந்தார்கள். சொந்தக்காரர்கள் குழியோரம் நின்றார்கள். ஹின்ரிச்சும் புருஷன் போல அந்த வரிசைக்கு வந்து, நிற்க இடம் தேடிப் பக்கத்தில் பார்த்தார். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன கெசினா ஓரடி தள்ளி நின்று அவருக்கு இடம் விட்டாள்.