ஃபிரிட்ஜ் கடித்த வெள்ளிக்கிழமை

“இன்னாங்க, ஃபிரிட்ஜ் கையைக் கடிக்குதுங்க” என்றாள் சகினா.

பால் பாக்கெட்டை எடுக்கப் போனவள், கைப்பிடியைத் தொட்ட கையை உதறிக்கொண்டு நின்றாள். அப்துல் கஃபார் குளியலறைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். புருவம் வரைக்கும் வெள்ளை சிமெண்டு.

“நாள் முச்சூடும் நீ அதைத் திறந்து திறந்து மூடுற. அதுக்கும் கோவம் வராதா?”

கட்டிலில் சாய்ந்திருந்த ஜுவேரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மெதுவா சிரிடி, உள்ள இருக்கிறது முழிச்சிக்கும்” என்று சகினா அதட்டினாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி ஃபிரிட்ஜைத் திறந்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

மகள் தலைப்பிரசவத்துக்காக ஆம்பூரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீட்டின் மாடிப் போர்ஷன் அவர்களுடையது. குளியலறை அதைவிடப் பழையதாகத் தெரியும். வழுக்கும் தரை, தரையோடு பதித்த கக்கூஸ், துருப்பிடித்த இரும்புக் குழாய். ஏழு மாத வயிற்றோடு ஜுவேரியா அதில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பட்ட பாட்டைக் கஃபார் வெளியே நின்று கேட்டிருக்கிறார். ப்ளம்பர் “நாளைக்கு வந்துடறேன் பாய்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கஃபார் போனில் வீடியோக்களைப் பார்த்தார், ஒரு கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தார், தானே இறங்கிவிட்டார்.

வேலை அவரே எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்தது. வழுக்காத டைல்ஸ், மேல்நாட்டுக் கக்கூஸ், பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி. இரும்புக் குழாயை அடி முதல் நுனி வரை அறுத்தெடுத்து வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போட்டார். பழைய ஹீட்டரை மட்டும் துடைத்து அதே இடத்தில் மாட்டினார். அன்று காலையில்தான் அதைப் போட்டுப் பார்த்தார். பளபளக்கும் புதுக் குழாயில் வெந்நீர் ஆவி பறக்க விழுந்ததைப் பார்த்துவிட்டு, ஹீட்டரை அணைத்தார்.

மொட்டை மாடித் தொட்டிக் குழாயும் புதுக் குழாயும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு நிற்கவில்லை. அதற்கு ஒரு இணைப்பை அளவு பார்த்து வாங்குவதற்காக, அறுத்த இரும்புக் குழாயில் ஒரு துண்டை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஹீட்டர் போட்டுக் குளிம்மா. மொதல் குளியல் உன்னுது” என்று மகளிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சிந்தாதிரிப்பேட்டையில் சேட்டுவின் பைப் கடை குறுகல். ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும்.

“வாங்க பாய். நீங்களே ப்ளம்பர் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். மைக் செட்டை யாரு பாத்துக்கறா? கொத்தனாரா?”

“கிண்டல் பண்ணாம அளவைப் பாரு சேட்டு.”

சேட்டு குழாய்த் துண்டை வெளிச்சத்தில் திருப்பினார். “இன்னா பாய், பைப்புக்கு மோதிரம் போட்டு வெச்சிக்கீறீங்க?”

குழாயைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை இறுகிக் கிடந்தது. அதன் இடுக்கில் களிம்பேறிப் பச்சையாகிப்போன செம்புக் கம்பி. அது வெட்டுப்பட்ட முனை மட்டும் புதிதாய்ப் பளபளத்தது.

“அது பழைய கொடிக் கம்பி…” என்று ஆரம்பித்த கஃபார் துண்டைச் சேட்டுவின் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

துணி காயப்போடும் கொடியை யாராவது செம்புக் கம்பியில் கட்டுவார்களா? அந்தக் கம்பியை வெட்டியவர் அவர்தான். சுவரோரமாக, சுண்ணாம்புக்குள் புதைந்து, வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. தண்ணீர் வேலையில் கரண்டைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

கல்யாணம், தர்கா சந்தனக்கூடு, குப்பத்து மாதா திருவிழா என்று ஊர் முழுக்க மைக் செட் போட்ட மனிதர். எங்கே போனாலும் முதலில் மண்ணில் ஒரு கம்பியை அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, எர்த் கொடுத்த பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைத் தொடுவார். பாட்டுக்காரர் “மைக் கடிக்குது பாய்” என்றால், பாட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று லைனைப் பிடுங்கிவிடுவார். அவருடைய வீட்டில் ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த இரும்புக் குழாய்தான் எர்த். பழைய ஹீட்டரில் கசிந்த கரண்டெல்லாம் இத்தனை காலம் அதன் வழியே சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த வழியை அவர் தன் கையால் அறுத்துவிட்டார். இனி அது ஹீட்டரிலும், ஃபிரிட்ஜிலும், ஈரக் குழாயிலும் ஒரு ஆள் வந்து தொடுவதற்காகக் காத்திருக்கும்.

காலையில் சகினா சொன்னதும் இதே வார்த்தைதான். கடிக்குது.

சகினாவின் போனுக்கு அடித்தார். மணி அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை இந்த நேரத்தில் அவள் கறிக்கடையில் இருப்பாள், போன் அடுப்பு மேடையில் கிடக்கும். ஜுவேரியாவுக்கு அடித்தார். அதுவும் அடித்து ஓய்ந்தது. எடுக்காமல் இருப்பாளா? குளிக்கப் போயிருந்தாலொழிய எடுப்பாள்.

கீழ் வீட்டுக் கங்காதரன் இரவெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். மூன்றாவது அழைப்பில் எடுத்தார்.

“கங்கா, மாடிப்படிக்குக் கீழ போ. எங்க வூட்டு மெயினைப் புடுங்கு.”

“இன்னா பாய், தூங்கிக்கினு இருந்தவனை எழுப்பி…”

“ஓடுடா!”

இத்தனை வருடப் பழக்கத்தில் கஃபார் அவரை ‘டா’ போட்டதில்லை. மறுமுனையில் செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம் கேட்டது.

“நாலு பொட்டி கீது பாய். உங்களுது எது?”

“ஓரத்துல, பச்சை பொட்டி.”

“எல்லாமே பச்சையாத்தான் கீது.”

“அப்போ எல்லாத்தையும் புடுங்கு!”

ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது.

சேட்டு என்ன கேட்டார் என்பது காதில் விழவில்லை. ஸ்கூட்டர் எப்படி மவுண்ட் ரோட்டைக் கடந்தது என்பதும் பின்னால் நினைவில் இல்லை. ராயப்பேட்டையில் சட்டைப் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் எடுக்கவில்லை. நெஞ்சின் மேல் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கங்காதரன் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாத வரை ஜுவேரியா உயிரோடு இருக்கிறாள். போன் ஓய்ந்தது. திரும்ப அடித்தது. லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே பஸ் ஒன்று நகராமல் நிற்க, அதன் பின்னால் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். நோன்பு, நேர்ச்சை என்று மனசுக்குள் எதையெதையோ வாக்குக் கொடுத்தார்.

மாடிப்படிக்குக் கீழே கங்காதரன் லுங்கியோடு நின்றிருந்தார். கையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள்.

“போன் பண்ணிக்கினே கீறேன், எடுக்கவே மாட்றீங்க…”

“ஜுவேரியா?”

“எனக்கு இன்னா பாய் தெரியும்? மேல போய்த் தட்டுனேன். கதவு பூட்டிகீது.”

கஃபார் தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் நின்றிருந்தது. கட்டிலில் மகளின் போன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் அவளுடைய நீல ரப்பர் செருப்பு, ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தாள். வெறுங்காலோடு உள்ளே போயிருக்கிறாள்.

ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை.

“ஜுவேரியா!”

பதில் இல்லை. உள்ளே எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

“இருங்க அத்தா, கதவை உடைச்சிடாதீங்க. முகத்துல சோப்பு.”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

“கொழாயைத் தொட்டியாம்மா?”

“ஒரு வாட்டி தொட்டேன். விரலெல்லாம் சுருக்குன்னுச்சு. மாசமா இருந்தா கை மரத்துப்போவும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல, அதுதான்னு நெனச்சேன். செருப்பு நனையுதேன்னு கழட்டி வெளிய வெச்சுட்டு வந்து, திரும்பத் திறக்கலாம்னு கையை நீட்டுனேன். லைட்டு போயிடுச்சு. வரும் வரும்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, யாரோ வாசக்கதவைத் தட்டினப்பவும் வெளிய வர முடியாம, இப்பத்தான் பக்கெட்டுத் தண்ணிலயே முகம் கழுவிக்கினு இருந்தேன். கரண்டு எப்ப வரும்த்தா?”

அவர் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து கங்காதரனின் குரல் வந்தது. “பாய், மத்த வூட்டுக்காரங்கல்லாம் கத்துறாங்க. திரும்பப் போட்டுடவா?”

“போடாத!” தெருக்கோடி வரை கேட்டிருக்கும். “எங்களுதை என் கையில குடுத்துட்டுத்தான் மத்ததைப் போடணும்!”

ஜுவேரியா தாழ்ப்பாளைத் தள்ளும் சத்தம் கேட்டது. ஸ்டீல் தாழ்ப்பாள், அவரே மாட்டியது. கரண்டு இல்லை என்று தெரிந்தும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மகள் ஈர முகத்தோடு, ஈரக் காலோடு எதிரில் நின்று, “இன்னாத்தா ஆச்சு, ஏன் கீழ உக்காந்துகீறீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கஃபார் அவள் செருப்பை எடுத்து அவள் கால் பக்கம் நகர்த்தினார்.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் சாயந்திரம் வருவதாகச் சொன்னார். அதுவரை வீட்டில் ஃபேன் ஓடவில்லை. கறியோடு திரும்பிய சகினா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாள், கறியைப் பார்த்தாள், எல்லாவற்றையும் அப்போதே சமைக்க ஆரம்பித்தாள்.

கஃபார் ஜும்மா தொழுகைக்குப் போனபோது ஃப்யூஸ் கட்டை அவருடைய ஜிப்பாப் பையில் இருந்தது. வீட்டில் வைக்க மனம் வரவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய வரிசைக் குழாய்களின் முன்னால் உட்கார்ந்தார். பழைய பித்தளைக் குழாய், காலுக்குக் கீழே ஈரத் தரை. கை அதன் பக்கம் வரை போய் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து, முகம் கழுவி, கால் கழுவி, எழுந்து போனார்கள். உள்ளே தொழுகைக்கு முந்திய பயான் பேச்சு முடிகிற குரல் கேட்டது.

“இன்னா பாய், தண்ணி வரலியா?” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தவர் கையை நீட்டி அந்தக் குழாயைத் திறந்துவிட்டார்.

கஃபார் தண்ணீரைப் பார்க்கவில்லை. திறந்தவரின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.