ஐநூறாம் மைல் எண்ணெய்

இஞ்சின் என்றால் என்ன என்று உள்ளது உள்ளபடி அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அதைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர். இன்னொருவர் வளவனூர் தாண்டவராயன் மகன் வேங்கடேசன். இதை வேங்கடேசனே திண்டிவனம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, புது லாரியின் முன்சக்கரத்தைச் செருப்புக் காலால் தட்டியபடி, அக்காள் புருஷன் வீரமுத்துவிடம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். வெள்ளைக்காரர் செத்துப்போய்விட்டதால் இப்போது ஒருவர்தான் பாக்கி என்றும் சொன்னான்.

வீரமுத்துவின் கண் அவன் கையிலிருந்த மருந்து பாட்டில் மேலேயே இருந்தது. உள்ளே மருந்து இல்லை. கன்னங்கரேல் என்று எண்ணெய்.

"இது இன்னா மச்சான்?"

"பழைய இஞ்சின் எண்ணெய் மாமா. அப்பா பாக்கணும்னாரு."

"நீதான் மாத்தவே இல்லியே?"

"நடராசன் ரிப்பேர் ஷெட்டுல வாங்கினு வந்தேன். எந்த லாரியோ, எப்ப வடிச்சதோ. எண்ணெய் மேல பேரா எழுதியிருக்குது?"

சித்திரையில் லாரி வாங்கியபோது, விற்ற இடத்து மெக்கானிக் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தான். புது வண்டி ஐநூறு மைல் ஓடியதும் முதல் எண்ணெயைச் சுத்தமாக வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வேர்க்கடலை விளையும் இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் காட்டை விற்று வந்திருந்த தாண்டவராயன் அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "புது இஞ்சின் உள்ளுக்குள்ள தேயும்டா. இரும்புத்தூளு உதுரும். அந்தத் தூளோட ஓட்டினா தன்னையே தின்னுக்கும்" என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். வண்டி ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் மைல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேங்கடேசனுக்கு இது பொறுக்கவில்லை. இதே எண்ணெயில் இரண்டாயிரம் மைல் ஓட்டிக்காட்டுவதாகச் சபதம் செய்திருந்தான். "மைல் மீட்டரப் பாத்து எண்ணெய் மாத்தறவன், பஞ்சாங்கம் பாத்துத் தும்மறவன்" என்பது அவனுடைய வாக்கு. டீக்கடைகளில் நல்ல வரவேற்பு பெற்ற வாக்கு. எண்ணெய் மாற்றாத வடைச் சட்டியைக் காட்டிச் சொல்லும்போது இன்னும் எடுபட்டது.

இப்போது மீட்டரில் அறுநூற்றுப் பன்னிரண்டு. மீட்டர் ஐநூறைத் தொடுவதற்கு முன்பே, திண்டிவனத்தில் மகள் கிருஷ்ணவேணி வீட்டுக்கு வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த தாண்டவராயன், ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி எண்ணெய் மாற்றியாயிற்றா என்பதுதான். மாத்திட்டேன்பா என்று வேங்கடேசன் சொல்லிவிட்டான். நோயாளியிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் கிழவர் அதோடு விடவில்லை. வடித்த எண்ணெயைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

"பொய்யி சொல்லலாம் மச்சான். பாட்டில்ல ஊத்தியா எடுத்தாருவாங்க?" என்றார் வீரமுத்து.

"மனசு நிம்மதிக்குத்தான் மாமா. இதுவும் ஒரு மருந்துதான்."

உள்ளே தாண்டவராயன் தலையணையில் சாய்ந்திருந்தார். அம்மா கெங்கம்மாள் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் அவர் கையை நீட்டினார். மூடியைத் திறந்து, வலது கட்டைவிரலில் ஒரு சொட்டு கவிழ்த்து, சுட்டுவிரலால் தேய்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரலைப் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் தேய்த்தார்.

"எத்தினி மைல்ல வடிச்ச?"

"ஐநூத்தி ரெண்டுப்பா."

"வண்டி சூடா இருக்கும்போதா?"

"ஓட்டிக்கினு வந்து நிறுத்தின ஜோருல."

"எவ்ளோ நேரம் வடியவுட்ட?"

"முக்கா மணி."

"அரை மணி போதும்னு மெக்கானிக் சொன்னானே."

"நான்தான் இருக்கட்டும்னு வுட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன்."

தாண்டவராயன் மகனைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார்.

"தூளே இல்லியே," என்றார்.

நடராசன் ஷெட்டுக்கு வரும் லாரிகளெல்லாம் உதிர வேண்டியதை எப்போதோ உதிர்த்து முடித்தவை. அதை வேங்கடேசன் யோசித்திருக்கவில்லை. உலகத்தில் பாக்கியிருந்த அந்த ஒருவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் அது தெரிந்தது.

"நல்ல வண்டி," என்றார் அப்பா. பாட்டிலைத் தானே மூடி கெங்கம்மாளிடம் கொடுத்தார். "கண்ணை அசத்துது. செத்த தூங்கறேன்."

பத்தரை மணிக்கு நர்ஸ் இருதயமேரி வந்து நாடி பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். நடந்துதான் போனாள்.

உடலை எதில் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. புது வண்டியில் பிணம் ஏற்றக்கூடாது, வாடகைக்கு வேறு வண்டி பார்க்கலாம் என்றார் வீரமுத்து. கெங்கம்மாள் அழுகையை நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"இன்னா பேசறீங்க மாப்ளே? அவரு வண்டியில அவரு வரட்டும்."

பின்னால் வைக்கோல் பரப்பி, பாய் விரித்துக் கிடத்தினார்கள். கிருஷ்ணவேணியும் வீரமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கெங்கம்மாள் முன்னால் ஏறினாள். வேங்கடேசன் வண்டியை எடுத்தான். விக்கிரவாண்டி வரைக்கும் அவன் இருபதைத் தாண்டவில்லை. எதிரே வந்த கரும்பு வண்டிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்சின் சத்தம் அவனுக்கு மாறுவதுபோல் கேட்டது. காதைச் சாய்த்துக் கேட்டால் சரியாக இருந்தது. நிமிர்ந்தால் திரும்பவும் மாறியது.

"வண்டியில ஏதாச்சும் கோளாறா?" என்றாள் கெங்கம்மாள்.

"இல்லம்மா."

விழுப்புரம் தாண்டியதும் அவளே பேசினாள். "ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்ல அவருக்கு. நீ அந்த எண்ணெயக் காட்டினப்பறம்தான் கண்ண மூடினாரு."

வேங்கடேசன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

வளவனூரில் வெளியே செத்தவரை உள்ளே எடுத்துப்போகும் வழக்கம் இல்லை. வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். பறை வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தலைக்கு எண்ணெய் தொட்டு, சீயக்காய் தொட்டு வைத்தார்கள். குளிப்பாட்டும்போது கிருஷ்ணவேணி அப்பாவின் வலது கையை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது, வெரல்லாம் கருப்பா?"

கட்டைவிரல் ரேகையில் கருப்பு இறங்கியிருந்தது. நகக்கண்ணில் இன்னும் அதிகம். அவள் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"வுடுக்கா, நான் பாக்கறேன்" என்று வேங்கடேசன் உட்கார்ந்தான். தேங்காய் நார் கேட்டு வாங்கினான். சாம்பல் கேட்டான். விரலை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தான். பறை அடித்தவர்கள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று தொடங்கினார்கள்.

பங்காளி பெரியதம்பி குனிந்து, "நாழியாவுது. ஜல்தி ஆவட்டும்பா" என்றார்.

"இருங்க சித்தப்பா."

"வுடுடா," என்றாள் கெங்கம்மாள். "அப்படியே போவட்டும்."

சுடுகாட்டில் தலையும் மீசையும் மழித்துக் கொள்ளி வைத்துவிட்டு வந்தான். இழவுக்கு வந்தவர்கள் போகும்போது லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியதம்பி அதன் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"கடைசி நேரத்துல அந்த எண்ணெய மாத்திக் காட்டினியாமே. உங்க அம்மா சொல்லிச்சி. பெத்தா இப்படிப் புள்ளைய பெக்கணும். நீ கூட ஏதோ சொல்லுவியே, பஞ்சாங்கம், தும்மலுன்னு. அது இன்னாபா?"

"மறந்துடுச்சி சித்தப்பா," என்றான் வேங்கடேசன்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் கருமாதிக்குச் சாமான் பேசினார்கள். வீரமுத்து பஸ்ஸில் விழுப்புரம் போய் வாங்கிவருவதாக ஏற்பாடு. கொள்ளி வைத்தவன் பதினாறு நாளைக்கு ஊர் எல்லை தாண்டக்கூடாது. கெங்கம்மாள் சுவரில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீரமுத்து காகிதத்தில் எழுதிக்கொண்டார். பச்சரிசி, துவரம்பருப்பு, வெல்லம், கோடித்துணி.

"மாமா," என்றான் வேங்கடேசன். "இஞ்சின் எண்ணெய் ரெண்டு டின்னு."

வீரமுத்துவின் பென்சில் நின்றது. அவர் கெங்கம்மாளைப் பார்க்கவில்லை. கெங்கம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். மழித்த தலையில் கத்தி பட்ட இடத்தில் ஒரு சின்ன காயம் காய்ந்திருந்தது.

"எழுதிக்கினீங்களா மாப்ளே?" என்றாள். "அப்பறம், மஞ்சள் கால் வீசை."

மத்தியானம் டின்கள் வந்தன. வேங்கடேசன் லாரியைக் கிளப்பி ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப்போய் இஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடியில் நிறுத்தி, சாக்கை விரித்து அடியில் ஊர்ந்தான். திருகைக் கழற்றியதும் எண்ணெய் தடிமனாகக் கொட்டியது. பிறகு நூலாயிற்று. பிறகு சொட்டாயிற்று.

வீரமுத்து வந்து குனிந்தார். "இலை போட்டாச்சி மச்சான். பங்காளிங்க உக்காந்துக்கினு இருக்காங்க. வடிஞ்சிடுச்சே, திருகை மாட்டிட்டு வாயேன்."

"நீங்க போங்க மாமா. இன்னும் வருது."

வீரமுத்து போனார். வாசலில் சாம்பார் வாளியை யாரோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வேங்கடேசன் மல்லாந்து கிடந்தான். மேலே திருகுத் துளையின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.