உலகம் முடியவிருந்த வாரம்

எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உலகம் முடிவதாக இருந்தது. அந்த நேரத்தைக் கணித்துச் சொன்னவர் நெல்வான் வாத்தியார். முப்பது வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் போட்ட கணக்கு தப்பி யாரும் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு லோகோன் எரிமலை பத்து நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. கொடியில் உலர்ந்த துணியிலும் முற்றத்துப் பாயில் காய்ந்த கிராம்பிலும் சாம்பல் படிந்திருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு ஆராதனையில் போதகரம்மா இதைப் பற்றிப் பேசினார்.

"வாத்தியார் சொன்ன நாளை நான் நம்பல. நாள் குறிக்கிற வேலையைக் கர்த்தர் நம்மகிட்ட குடுக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். வர்ற ஞாயித்துக்கிழமை அவர் நிஜமாவே வந்துட்டா, யார் மூஞ்சியைப் பாக்க உங்களுக்குக் கூசும்? அவர் மூஞ்சியைச் சொல்லல. இந்தக் கோயில்ல உக்காந்திருக்கறவங்க மூஞ்சியைச் சொல்றேன்."

எல்லோரும் திரும்பி எங்களைத்தான் பார்த்தார்கள். அம்மா ஆல்ச்சே இடப்பக்கம் முதல் பெஞ்சில். அவள் தங்கை ஃபெம்மி சித்தி வலப்பக்கம் கடைசி பெஞ்சில். இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது. திங்கள்கிழமையே பொருள்கள் வீடு திரும்பத் தொடங்கின. இரவல் போன ஏணி வந்தது. யாருடையது என்றே மறந்துபோன அண்டா வந்தது. பக்கத்து வீட்டு யோப்பி மாமா, எதிர்வீட்டு டோல்ஃப் மாமாவின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டோல்ஃபு, காணாமப் போச்சுன்னு தேடினியே உன் கறுப்பு நாயி, அதைப் புடிச்சு சமைச்சது நான்தான். மன்னிச்சுக்கோ."

"அடப்பாவி! ஒரு மாசம் மலையெல்லாம் தேடினேனேடா!"

"தேடிட்டு வந்து எங்க வீட்டுல கிறிஸ்மஸ் விருந்து சாப்பிட்டியே, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி. அதுதான்."

எங்கள் ஊர் விருந்துகளில் நாய்க்கறியும் உண்டு. டோல்ஃப் மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டைக் கழுவினாள். புதன்கிழமை எல்லோருடைய வெள்ளை உடுப்புக்கும் இஸ்திரி போட்டாள். வியாழன் காலை குளித்து, கோயிலுக்குப் போகும் கவுனை உடுத்திக்கொண்டு, "மெய்ட்டி, வா, சித்தி வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

அப்பா வெலவெலத்துப்போய், "கொஞ்சம் சுட்ட சூரை மீன் எடுத்துட்டுப் போயேன், வெறுங்கையோடயா போவே?" என்றார்.

"வேணாம். நான் பேச வேண்டியதை மீன் பேசிடும்."

அவர்களுக்குள் என்ன சண்டை என்று ஊருக்கே தெரியும். தாத்தா ஊர் வாத்தியக்குழுவில் கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழல் ஊதியவர். ஃபெம்மி சித்திக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் இறந்தபோது அம்மா யாரையும் கேட்காமல் கார்னெட்டைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். 'உலக முடிவுல கடைசி எக்காளம் கேட்கும்போது நானும் பதிலுக்கு ஊதணும்' என்று தாத்தா கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். அந்தக் கதை ஊருக்கு மிகவும் பிடித்துப்போனது. பிரசங்கத்தில்கூட ஒருமுறை வந்தது. சித்தி மட்டும் அடக்கம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் போனபோது சித்தி வாசலில் உட்கார்ந்து கிராம்பைக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாரு?"

"நான்தான், ஆல்ச்சே."

"ஞாயித்துக்கிழமை உலகம் முடியுதுன்னு வந்தியா?"

"ஆமா."

"முடியலைன்னா வந்திருக்க மாட்டே."

அம்மா யோசித்தாள். "வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பொய்யாவது சொல்லக்கூடாதா என்றிருந்தது. அம்மா படிக்குக் கீழேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"அப்பா எக்காளத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல, ஃபெம்மி. 'இதை ஃபெம்மிகிட்ட குடுத்துடு'ன்னுதான் சொன்னாரு. எனக்குக் குடுக்க மனசு வரல. தினம் சாயங்காலம் உன்னைத்தான் கூப்பிட்டு உக்காரவெச்சு சொல்லிக்குடுத்தாரு. நான் பன்னிக்குத் தீனி கலக்கிக்கிட்டே கேட்டுட்டிருந்தேன். ஒரு நாள்கூட 'நீயும் வா'ன்னு என்னைக் கூப்பிடல."

சித்தியின் கை நின்றது.

"அப்பாவுக்கு என் வாசிப்பு புடிக்கல போல, அதான் எனக்குத் தராமப் போயிட்டாருன்னு பதினோரு வருஷம் நெனச்சிட்டிருந்தேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரியாதாம்!" எழுந்து உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். முறம் கவிழ்ந்து கிராம்பு படியெல்லாம் சிதறியது.

அம்மா போகவில்லை. படியில் உட்கார்ந்து கிராம்பைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பொறுக்கினேன். மேலே சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது. முறம் பாதி நிறைந்தபோது கதவு திறந்தது.

"உள்ள வா, அக்கா. காலெல்லாம் சாம்பல், கழுவிட்டு வா."

மன்னித்தேன் என்று சித்தி சொல்லவில்லை. பூசணிக்காய் போட்ட சோளக்கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி எங்கள் முன்னால் வைத்தபடி, சாயங்காலம்வரை வாய் ஓயாமல் திட்டினாள். அம்மா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். கிளம்பும்போது சித்தி சொன்னாள்:

"ஊர் பூரா அந்தக் கதையை நம்புது. நம்ப வெச்சது நீ. சபையில எழுந்து நீயே சொல்லணும்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வெள்ளை உடுப்பால் நிறைந்திருந்தது. காலை ஆராதனை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மணிக்கு அம்மா எழுந்தாள். பெஞ்சின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்ததும் சித்தி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நடந்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகு எல்லோரும் பாடினோம். பாட்டின் நான்கு பகுதிக் குரல்களும் அவ்வளவு சுருதியாக இணைந்து நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இரண்டு மணி ஆனது. இரண்டே கால் ஆனது. ஒரு குழந்தை பசித்து அழுதது. பிறகு கூரைமேல் மழை சடசடவென்று இறங்கியது. பத்து நாள் சாம்பல் கரைந்து வாசலில் சேறாக ஓடியது.

நெல்வான் வாத்தியார் மெதுவாக எழுந்தார். "எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. போதகரம்மா இறங்கிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாத்தியாரே, எல்லாருக்கும் பசிக்குது. முதல்ல சாப்பிடலாம்."

சித்தி அம்மாவின் காதருகே குனிந்தாள். "அவசரப்பட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டமேன்னு இருக்கா?"

"இருக்கு" என்றாள் அம்மா. "ஆனா இன்னிக்கு ராத்திரி நல்லா தூங்குவேன்."

அந்த வாரம் நீடிக்கவில்லை. ஏணி மறுபடி இரவல் போனது. நாய் விஷயத்தை டோல்ஃப் மாமா குடித்தபோதெல்லாம் எடுத்தார். வாத்தியார் அதன்பிறகு எந்த நாளையும் குறிக்கவில்லை. ஆனால் அம்மாவும் சித்தியும் இருபத்தாறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு சண்டை போடுவார்கள். சனிக்கிழமைக்குள் எப்படியோ முடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு.

அம்மா படுத்த படுக்கையானபோது சித்திதான் பக்கத்தில் இருந்தாள். நான் வேலை பார்த்த மனாடோ நகரத்திலிருந்து வந்திருந்தேன். ஒரு காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சித்தி குனிந்து கேட்டாள்: "அக்கா, யார்கிட்டயாவது ஏதாவது பேச வேண்டியிருக்கா? கூட்டிட்டு வரட்டுமா?"

அம்மா கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தாள். ஊரில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"எல்லார்கிட்டயும் பேசியாச்சு" என்றாள். "உன்கிட்டதான் ஒண்ணு பாக்கி. உன் சூப்புல எப்பவும் உப்பு ஜாஸ்தி, ஃபெம்மி."

"இத்தனை வருஷம் சொல்லாம இப்ப சொல்றியா!" சித்தி சிரிக்க ஆரம்பித்து, சிரித்தபடியே அழுதாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ வெளியே காத்திருப்பதுபோல வாசல் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சம்கூட இல்லை.