சாவி போட்டால் மட்டும்

பேட்டரி படுத்துவிட்டால் வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எங்கயோ கரண்ட் லீக் ஆகுது, பாத்துச் சொல்லுங்க." வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் அந்த மனிதருக்கு அதைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப் போயிருந்தது. ஃபியூஸ் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் அன்று காலை பட்டறை வாசலில் வந்து நின்றவர் தங்கையின் கணவர். பெற்ற மகளைப் பறிகொடுத்த மனிதர். அவரிடம் என்னத்தைக் கோபப்படுவது?

"மறுபடியும் படுத்துடுச்சு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "தள்ளித் தள்ளி முதுகே விட்டுப்போச்சு. விடியக்காலை சவாரி, வேற வண்டி பிடிச்சுப் போயிட்டாங்க."

வாடகைக் கார் அது. அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஃபியூஸ் பேட்டரியில் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்துப் பார்த்தார். சும்மா நிற்கும் வண்டி எவ்வளவு குடிக்குமோ அவ்வளவுதான் குடித்தது. லீக்காவது மண்ணாவது. ஆனால் ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் பின்பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதைப் பொருத்தியவரே அவர்தான். அதற்குக் கரண்ட் கொடுக்க இரண்டு வயர். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற லைனில் சேரவேண்டும். அதில் கரண்ட் வந்தால்தான் பாடும். தங்கையின் மகள் அன்று பக்கத்திலேயே நின்று மாமாவை நச்சரித்தாள். அப்பா சாவியோடு உள்ளே போன பிறகும் அவளுக்குப் பாட்டு வேண்டுமாம். தாய்மாமன் மறுக்கவா போகிறார்? சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமில்லை. செல்லத்துக்குச் செய்தார்.

இப்போது அவள் இல்லை. பிறகு யார் போட்டுக் கேட்கிறார்கள்? முன்பக்கத்து சீட் நன்றாக முன்னால் தள்ளப்பட்டிருந்தது, குட்டையான ஆள் ஒருவர் சௌகரியமாக உட்காருகிற அளவுக்கு. சீட்டின் இடுக்கில் ஒரு கொண்டை ஊசி. தங்கை வேறு எங்கே போய் அழுவாள், பாவம்.

அவள் புருஷனோடு பேசுவதை விட்டுவிட்டாள். காய்ச்சலில் துவண்டு கிடந்த மகளை ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அவள் கெஞ்ச, "மாத்திரை குடுத்திருக்கோமே, காலைல பாத்துக்கலாம்" என்று சொன்னவர் இவர். விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து சமைத்து வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள்.

"லீக் எல்லாம் இல்ல மாப்பிள்ளை. பேட்டரிக்கு வயசாயிடுச்சு. புதுசு போட்டுரலாம், நான் பாத்துக்கறேன்."

"அது இருக்கட்டும். இந்த ஸ்டீரியோ சாவி போட்டா மட்டும் பாடற மாதிரி மாத்திக் குடுங்க."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே."

"இல்ல மச்சான், மாத்திருங்க."

உங்க சம்சாரம்தான் உட்கார்ந்து கேட்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் இவருக்குத் தெரியாமல் வைத்திருப்பதை அண்ணனே போட்டுக் கொடுப்பதா என்று விழுங்கிவிட்டார். டேப்பைப் பிரித்தார். சிவப்பு வயரைத் தனியே நீட்டி, ஃபியூஸ் பெட்டியில் சாவியோடு உயிர் பெறும் லைனில் சொருகினார். சாவியைத் திருப்பினார், பாடியது. எடுத்தார், நின்றது. வேலை சுத்தம். மனசுதான் ஆறவில்லை.

சில நாள் பொறுத்து, மனம் கேளாமல் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். வீட்டோரம் கார் நின்றது. முன்சீட்டில் அவள், மடியில் கை வைத்தபடி. பாட்டு இல்லை. மறுபக்கத்துக் கதவைத் திறந்து அவளருகே உட்கார்ந்தார்.

"கெட்டுப்போச்சு போலண்ணா" என்றாள். "பாட மாட்டேங்குது."

"கெடலம்மா. நான்தான் மாத்தினேன். சாவி போட்டா பாடும்."

"அவர் மாத்தச் சொன்னாரா?"

"பேட்டரி தாங்கலம்மா. சாவி அவர்கிட்டதானே இருக்கு? ஒரு வார்த்தை கேட்டா குடுத்துட்டுப் போறாரு."

"அன்னிக்கு ராத்திரி கேட்டேனே." குரல் உயரவில்லை. "பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, சாவிய எடுங்கன்னு கேட்டேனே. எடுத்தாரா? இனிமே அவர்கிட்ட நான் சாவி கேக்கமாட்டேன்ணா."

அவளே அண்ணன் கையைத் தட்டிக் கொடுத்தாள். "பரவால்ல விடு. எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது வரும்னு எனக்கு மனப்பாடம்."

அவர் வீட்டுக்குள் போனார். விளக்குப் போடாமல் ஜன்னலோரம் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கார் தெரியும்.

"பேட்டரி ஏன் படுத்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மச்சான். மொதல்ல இருந்தே தெரியும். அவளுக்காகத்தான் காரைப் பூட்டாம விட்டுட்டு வருவேன்."

ஃபியூஸுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "தெரிஞ்சுமா அதை மாத்தச் சொன்னீங்க? நீங்கல்லாம் மனுஷன்தானா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"பாட்டு வேணும்னா எங்கிட்டதானே வந்து சாவி கேக்கணும்? அதுக்காவது வாயைத் தொறப்பான்னு நெனச்சேன். திட்டினாக்கூடப் போதும் மச்சான். தெனமும் இந்த நேரத்துக்கு இங்க வந்து உக்காந்துக்கறேன்."

ஏறிய கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. வெளியே தங்கை சொன்னதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஃபியூஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கமாட்டா, இல்ல?" என்றார் மாப்பிள்ளை.

ஃபியூஸ் ஜன்னலுக்கு வெளியே காரைப் பார்த்தார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து சாவியை அவர் கையில் வைத்தார். "பழையபடியே மாத்திக் குடுத்துருங்க மச்சான். அவ கேட்டுட்டுப் போகட்டும். பேட்டரி போனா நான் தள்ளிக்கறேன்."